ஒலிக்கு ஒரு கட்டம்

ஆய்வுத் தலைப்பு பதினேழு சொல் நீளம்.
அம்மாவுக்குச் சுருக்கிச் சொன்னேன்:
பதின்ம வயதுப் பெண்கள்
எந்த உறையைப் பார்த்து வாங்குகிறார்கள் என்று.
எதை என்று அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

ஜெலுத்தோங்கில் ஓர் இடைநிலைப்பள்ளி.
ஆலோசனை அறை, கறகறக்கும் விசிறி,
படிவம் மூன்று மாணவிகள் ஒன்பது பேர்.
மேசைமேல், நான்கு வாரம் கண்விழித்து
நான் வரைந்து மடித்து ஒட்டிய ஐந்து உறைகள்.
உள்ளே இருப்பது ஒன்றேதான்:
எட்டு நாப்கின், இறக்கையோடு.

ஒன்று ரோஜா நிறம், வழக்கம்போல்.
ஒன்று கருநீலம், வெள்ளி நட்சத்திரங்கள்.
ஒன்றில் கோடு மட்டும்.
ஒன்றில் எழுத்து மட்டும், அதுவும் சின்னதாய்.
ஒன்றில் பூனை.
(பூனை என் விரிவுரையாளரின் யோசனை.
எதன்மேல் போட்டாலும் பூனை விற்கும் என்பார்.)

கேள்வித்தாளில் கட்டங்கள்:
நிறம், எழுத்து, படம், விலை,
தோழியிடம் காட்டுவாயா.
ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடுக.

ஹுய் ஷான் பூனைக்கு ஐந்து போட்டாள்.
மிட்டாய்னு நினைச்சு என் தம்பி பிரிச்சிடுவான்
என்றாள் அலீஷா.
எல்லாரும் சிரித்தார்கள்.
சிரிப்பையும் குறித்துக்கொண்டேன், பதினோராம் நிமிடம் என்று.

அப்புறம் லோஷிணி
கருநீலத்தை எடுத்துக் காதருகே வைத்தாள்,
சந்தையில் தேங்காய் தட்டிப் பார்ப்பவள்போல.
கண்ணை மூடிக்கொண்டு பிரித்தாள்.

சர்ர்ர்ர்.

"இதுதான் டீச்சர்" என்றாள்.
நான் டீச்சர் இல்லை.
"ஸ்கூல் கழிவறையில நாலு கதவு.
இந்தச் சத்தம் எல்லாருக்கும் தெரியும்.
மேல பூனையா நட்சத்திரமான்னு யாரு பாக்குறா?"

அதன்பிறகு யாரும் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை.
நான் குழாயைத் திறந்துவிட்டுப் பிரிப்பேன்.
நான் இருமுவேன்.
பக்கத்துக் கதவில் யாராவது தண்ணி இழுக்கிறவரைக்கும் நிப்பேன்,
அன்னைக்குன்னு ஒருத்தியும் இழுக்க மாட்டா.
நான் வீட்டிலேயே பிரிச்சு
காலுறைக்குள்ள சொருகிட்டு வந்துடுவேன்.

பேனா நின்றது.
ஒலிக்கென்று ஒரு கட்டம் நான் போடவே இல்லை.
எனக்கும் பதினைந்து வயது இருந்திருக்கிறது.
நானும் இருமியிருக்கிறேன்.

அந்த வாரம் முழுக்க
வாடகை வீட்டுக் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு
வெண்ணெய்த்தாள், டிஷ்யூ, சோளமாவு ஞெகிழி என்று
ஒவ்வொன்றாய்க் கிழித்தேன்.
கைப்பேசித் திரையில் டெசிபல் முள் துள்ளித் துள்ளி அடங்கியது.
"உள்ளே எலியா?" என்று கதவைத் தட்டினாள் அறைத்தோழி சுவா லின்.
ஆய்வு என்றேன்.
எலிமேலா என்றாள்.

பருத்தி கலந்த தாள் ஒன்று
பூனை நடப்பதுபோல் பிரிந்தது.
ஆக, பூனை என்றது சரிதான்.

விரிவுரையாளர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார்.
"அலமாரியில் சத்தம் தெரியாதே,
வாங்குகிறவள் கண்ணால்தானே வாங்குகிறாள்?"
நியாயம்தான்.
பொட்டலத்துக்கு நாற்பது சென் கூடுதல் வேறு.
பூனை என்ன ஆயிற்று என்றும் கேட்டார்.

முடிவுரைக்கு முந்தைய இரவில்தான்
ஒன்பதாவது தாளின் பின்பக்கத்தைத் திருப்பினேன்.
அன்று வாயே திறக்காத பத்ரிஷா
பென்சிலில், மலாயில் எழுதியிருந்தாள்:

ரொட்டிப் பொட்டலமும்தான் சத்தம் போடுகிறது.
அதற்கு யாரும் இருமுவதில்லையே.

இதை எந்தக் கட்டத்தில் போட?
ஒன்று முதல் ஐந்துக்குள் இது எத்தனை?
என் மௌனத் தாள், அதன் வளைகோடு,
நான்கு நிறத்தில் வரைபடம்
எல்லாம் மேசையில் அப்படியே கிடந்தன.

மறுநாள் பட்டர்வொர்த் போகும் பெர்ரியில்
இறால் கெரோப்போக் ஒன்று வாங்கி
இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.
படார்.
நாலைந்து தலைகள் திரும்பின.
எதிர் இருக்கையில் தொழிற்சாலைச் சீருடைக்காரர் ஒருவர்,
தூக்கம் கலைந்து,
கையை நீட்டினார், ஒன்று கொடு என்று.